முற்றத்தில் நின்ற தண்ணீர்: நல்லூரின் ஒரு பூட்டிக் விடுதியில் மூன்று இரவுகள்

கொக்குவிலில் சொந்த வீடு வைத்திருக்கிறவன் நல்லூரில் போய் அறை எடுத்துத் தங்கினால் யாழ்ப்பாணத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். என் மனைவியும் மன்னிக்கவில்லை. ஆனாலும் போனேன். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகள், என் அக்காவின் மகள், மூன்று இரவுக்கு இரண்டு அறைகளைப் பதிவு செய்துவிட்டு, "மாமா, இது நீங்கள் எப்போதும் சொல்லும் நாற்சார் வீடுதான். வந்து பார்த்துவிட்டுப் பிறகு திட்டுங்கள்" என்றாள். முப்பத்தொரு வருடம் கட்டடப் படம் வரைந்து சம்பளம் வாங்கிய ஒருவனை வீட்டைவிட்டுக் கிளப்ப இந்த ஒரு வார்த்தை போதும். அளவு நாடாவையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அது நவம்பர் நடுப்பகுதி. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நான்காம் அறைக்குள் தண்ணீர் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பயணப் பெட்டி, ஒரு தரைவிரிப்பு, மருமகளின் கடவுச்சீட்டில் ஒரு மூலை, இவ்வளவுதான் நனைந்தன. பத்திரிகையில் வரக்கூடிய செய்தி இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் வந்தது என்று மறுநாள் முழுவதும் தேடிப் பார்த்ததில், பழைய வீடுகளை அழகான விடுதிகளாக மாற்றுகிற நம்முடைய இப்போதைய ஆசையைப் பற்றி எனக்கு நிறையவே விளங்கியது. அதனால் எழுதுகிறேன். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தவறை ஒப்புக்கொண்டு, தளத்தை உடைத்துப் பார்க்கவும் அனுமதித்த மனிதர்களைக் காட்டிக் கொடுப்பது மரியாதை இல்லை.

வீடு

வளவு, கோவிலின் பின்புறத்து ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. நல்லூரில் வெறுமனே கோவில் என்றால் அது கந்தசுவாமி கோவில்தான். வீட்டைக் கட்டியவர் மலாயாவில் ரயில்வே எழுதுவினைஞராக இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர் என்று அயலில் சொன்னார்கள். நம்பக்கூடிய கதைதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் ரயில் நிலையங்களுக்கும் கந்தோர்களுக்கும் அணி அணியாகப் போனார்கள். 'மலாயன் பென்சனியர்' என்ற சொல் ஊரில் ஒரு பட்டம் போலப் புழங்கியது. அந்தப் பணத்தில் வந்த பர்மாத் தேக்கு, மங்களூர் ஓடு, வழுவழுப்பான சிவப்புச் சீமெந்துத் தரை மூன்றும் இந்த வீட்டில் இருந்தன. சுவர்கள் மட்டும் உள்ளூர்ச் சரக்கு: முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்.

நாற்சார் வீடு என்றால் நான்கு பக்கமும் சார்பு, நடுவில் வானம். செட்டிநாட்டு வளவின் பேருருவம் இதற்குக் கிடையாது. கேரளத்து நாலுகெட்டுக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். நான்கு சார்பின் உட்புறக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரியும். ஆகவே வீட்டின் மேல் விழும் மழையில் ஏறக்குறையப் பாதி வீட்டுக்கு நடுவிலேயே வந்து இறங்கும். மழையை வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அறைக்குள் மட்டும் விடாமல் பார்த்துக்கொள்கிற கட்டடம் இது. அதற்காகவே முற்றம் விறாந்தையைவிடத் தாழ்ந்திருக்கும். ஒரு மூலையில், பெரும்பாலும் வடகிழக்கில், தரையோடு தரையாக ஒரு தூம்பு இருக்கும். அது விறாந்தைக்கும் அறைக்கும் அடியால் ஓடி வெளியே வாழைப்பாத்தியில் முடியும்.

வாழை குடித்தது போக மிச்சம் நிலத்துக்குள் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. அந்த நல்ல தண்ணீரும் அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை போல மிதந்துகொண்டிருக்கிறது. இறைப்பு மிஞ்சினால் உப்பு மேலே வந்துவிடும். கூரையில் விழுந்த மழை பீலி, முற்றம், தூம்பு, வாழை, நிலம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் அதே வளவின் கிணற்றில் ஊறி, வாளியில் ஏறித் திரும்பவும் வீட்டுக்குள் வரும். இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. என் அப்பாச்சி ஐப்பசி பிறந்ததும் தூம்புக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவார். பீலியில் கிடக்கும் மாவிலையை எடுக்க என்னைக் கூரையில் ஏற்றுவார். ஒருமுறை தூம்புக்குள்ளிருந்து நான் தொலைத்த போளைகள், அதாவது கோலிக்குண்டுகள், பதினொன்று வெளியே வந்தன. அடியும் கிடைத்தது.

1995 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கி, யாழ்ப்பாண நகரமும் அதைச் சுற்றிய வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது இந்த வீட்டுக்காரர்களும் போனார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் தங்கிவிட்டார்கள். ஒரு சார்பின் கூரை விழுந்து, வளைகளில் கறையான் ஏறி, முற்றத்தில் எருக்கலை முளைத்துக் கிடந்த வீட்டைத்தான் விடுதிக்காரர்கள் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார்கள். இடித்துவிட்டு நாலு மாடி எழுப்புவது அவர்களுக்குச் சுலபம், லாபமும் கூட. அதைச் செய்யாமல் விட்டதற்கே முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும்.

விடுதி

பூட்டிக் என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கடை. இந்தச் சொல் ஹோட்டலோடு ஒட்டிக்கொண்டது 1980களில். லண்டனில் அனூஷ்கா ஹெம்பெல் 1978இல் திறந்த பிளேக்ஸ், நியூயோர்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் 1984இல் திறந்த மோர்கன்ஸ், இவைதான் முன்னோடிகள் என்று சொல்வார்கள். அறைகள் குறைவு, ஓர் அறைபோல இன்னொன்று இருக்காது, பணியாளருக்கு விருந்தினரின் பெயர் தெரிந்திருக்கும், படுக்கையைக் காட்டிலும் வடிவமைப்புக்கே காசு. இலங்கையில் இந்தச் சரக்குக்கு ஊற்றுக்கண் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003). அவர் பெயரைச் சொல்லாத பூட்டிக் விடுதி இந்தத் தீவில் இல்லை. முற்றம், ஒற்றை மரம், மெருகிட்ட சீமெந்து, இந்த மூன்றும் இருந்தால் 'பாவா பாணி' என்று எழுதிவிடுகிறார்கள். பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடும் முற்றத்தைச் சுற்றி எழுந்ததுதான். பிறகு அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, பாவாவின் சொந்தத் தோட்டமான லுனுகங்காவில் மீண்டும் எழுப்பினார்கள். அந்த முற்றத்தில் மழை விழும். விழட்டும் என்றே கட்டியது.

நல்லூருக்கு இந்த அலை தாமதமாகத்தான் வந்தது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. இப்போது கோவிலைச் சுற்றிய ஒழுங்கைகளில் நுரையின் மேல் இலை வரைந்து தரும் கோப்பிக் கடைகளும், பனையோலைப் பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்து விற்கும் கடைகளும் வந்துவிட்டன. பிளேன்ரீயும், மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் பொரித்த ரோலும் விற்ற கடை ஒன்று மட்டும் சந்தியில் பிடிவாதமாக நிற்கிறது. மருமகளுக்கு இரண்டும் பிடித்திருந்தன. எனக்கு மிதிவெடி.

முதல் நாள் பின்னேரம் உள்ளே போனதும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கடப்படலையை, அதாவது கூரை போட்ட வாசற்படலையை, திரும்பக் கட்டி, அதன் கூரைக்கு உண்மையான கிடுகு வேய்ந்திருந்தார்கள். அதற்குக் கீழே மண்குடமும் செம்பும். திண்ணையை வரவேற்பு மேசையாக்காமல் திண்ணையாகவே விட்டிருந்தார்கள். வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து நெல்லிரசம் குடித்த பிறகுதான் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். சிவப்புத் தரையில் வெடித்த இடங்களை மூடி மறைக்காமல் அதே சாயச் சீமெந்தால் தைத்திருந்தார்கள். தையல் தெரிந்தது, தெரிய விட்டது அழகாக இருந்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரைகள். இரவு விளக்குகள் கண்ணில் குத்தவில்லை. ஒளி வளைகளின் மேல் பட்டுக் கீழே வடிந்தது. இந்த வேலையைச் செய்தவருக்குக் கண் இருக்கிறது என்று மருமகளிடம் சொன்னேன். அவள் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டாள், பிற்காலச் சாட்சியமாக.

அறைகளுக்கு வீட்டின் உறுப்புகளின் பெயர் வைத்திருந்தார்கள்: திண்ணை, படலை, கிணற்றடி. நான்காம் அறை முற்றத்துக்கு நேர் எதிரே. அதன் கதவில் செப்புத் தகட்டில் வெகு அழகான எழுத்தில் 'முற்ரம்' என்று இருந்தது. இலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் தலைவிதி இது. யாழ்ப்பாணத்தின் நடுவிலும் தப்பவில்லை. தகடு கொழும்பில் செய்து வந்தது என்றார் முகாமையாளர். மருமகளுக்குக் கிடைத்தது அந்த அறை.

முற்றத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடுதியின் படங்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது. விறாந்தையின் மட்டத்துக்கே நிரப்பி, முழுவதும் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நடுவில் ஒற்றை ஈழத்தலரி நட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஒரு தம்பி மூங்கில் வாரியால் அந்தக் கல்லில் அலை அலையாகக் கோடு இழுப்பார். ஜப்பானியத் தோட்டங்களில் அப்படிச் செய்வார்கள். விழுந்த பூக்களில் அழுகியவற்றைப் பொறுக்கிவிட்டு நல்லவற்றை அப்படியே கிடக்க விடுவார். படத்துக்கு மிக நன்றாக இருக்கும். எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை. வயதாகிவிட்டது, வெள்ளைக் கல் கண்ணைக் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் இரவு

இரவு பத்து மணிக்கு மழை தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்று மழை, அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கிறது. விறாந்தையில் நாங்கள் இருவரும், நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதியும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். ஓட்டில் விழும் சத்தத்தில் யாரும் கதைக்கவில்லை. நான்கு பீலிகளிலிருந்தும் தண்ணீர் கயிறு கயிறாக முற்றத்தில் இறங்கியது. அந்தக் காட்சிக்கு மட்டும் அறை வாடகையில் பாதியைக் கொடுக்கலாம். கூழாங்கல் கழுவப்பட்டுப் பளிச்சென்று மின்னியது. கல்லின் மேல் தண்ணீர் தெரியவே இல்லை. கல்லுக்கு அடியில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரை எப்படிக் கண்டிருக்க முடியும்?

பதினொன்றரைக்குப் படுக்கப் போனோம். இரண்டு மணிக்கு மருமகள் என் கதவைத் தட்டினாள். அவளுடைய அறையில் கட்டிலின் கால்கள் தண்ணீரில் நின்றன. ஆழம் என் கால் பெருவிரலின் முதல் மூட்டு. விறாந்தை முழுவதும் அதே மட்டத்தில் ஒரு கண்ணாடி போலப் பரவியிருந்தது. அதில் அலரிப் பூக்கள் மிதந்துகொண்டு அறைக்குள் போயின. இரவுப் பணியில் இருந்த தம்பி வாளியும் துணியுமாக ஓடிக்கொண்டிருந்தார். "தூம்பு எங்கே, தம்பி?" என்று கேட்டேன். அந்தச் சொல்லே அவருக்குப் புதிதாக இருந்தது. முப்பது நிமிடத்தில் மழை தணிந்தது. மருமகளை வேறு அறைக்கு மாற்றி, இஞ்சிபோட்ட தேநீர் கொண்டுவந்து, கடவுச்சீட்டை மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தார்கள். பதறினாலும் பண்பாக நடந்துகொண்டார்கள்.

அளவுகள்

காலையில் முகாமையாளர் மன்னிப்போடு வந்தபோது நான் முற்றத்தின் ஓரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். குசினிக்குப் பின்னால், வெட்டவெளியில், நேர்ச்சுவர் கொண்ட அலுமினியப் பானை ஒன்று இரவு முழுவதும் திறந்து கிடந்தது. அதில் நின்ற தண்ணீரின் உயரம் ஆறு சென்ரிமீற்றர். அப்படியானால் மழை 60 மில்லிமீற்றர். பெரிய மழை என்று சொல்ல முடியாது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையைப் பார்த்தவர்கள் இதைத் தூறல் என்பார்கள்.

உட்சரிவுக் கூரைகளும் முற்றமும் சேர்ந்து 120 சதுர மீற்றர். 60 மில்லிமீற்றர் மழைக்கு 7,200 லீற்றர் தண்ணீர். முற்றத்தின் பரப்பு 30 சதுர மீற்றர். ஒரு சொட்டுக்கூட வெளியேறாமல் அவ்வளவும் முற்றத்துக்குள் நின்றால் உயரம் 24 சென்ரிமீற்றர் வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல் படுக்கையின் கனம் பத்து சென்ரிமீற்றர். அதற்குக் கீழே கொங்கிறீற் தளம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளி பத்துக்கு நான்கு பங்கு என்று வைத்தால், அந்தப் படுக்கை தாங்கக்கூடிய தண்ணீர் 1,200 லீற்றர்தான். முதல் பத்து மில்லிமீற்றர் மழையிலேயே அது நிரம்பிவிடும். அதற்குமேல் விழும் ஒவ்வொரு லீற்றரும் உடனுக்குடன் வெளியேற வேண்டும், இல்லையென்றால் விறாந்தைக்கு வரும். அதாவது நாங்கள் கதிரையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் முற்றம் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

தண்ணீர் போக வழி இருந்ததா? இருந்தது. வடகிழக்கு மூலையில் கல்லை அள்ளிப் பார்த்தோம். தளத்தில் இரண்டங்குலக் குழாய் ஒன்று. கல் உள்ளே விழாமல் இருக்க அதன் வாயில் ஒரு கறுப்புத் துணி. அந்தத் துணியில் சேறும் அழுகிய பூவும் ஒரு விரற்கடைக் கனத்துக்கு அப்பியிருந்தன. துணியைக் கிழித்தும் தண்ணீர் இறங்கவில்லை. குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள்.

திசையைச் சொன்னவர் எதிர்வீட்டு ஆச்சி. சத்தம் கேட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், "அது பின்பக்கம் வாழையடியில் அல்லவா வரும்? முந்தி மழை விட்டால் பிள்ளைகள் அதில்தான் கப்பல் விடுவார்கள்" என்றார். வாழையடி இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறு நீச்சல் தடாகம் இருக்கிறது. விடுதியின் இரண்டாவது அழகான படம் அது. தடாகத்தின் கொங்கிறீற் சுவர் பழைய தூம்பின் வாயில் நேரே போய் உட்கார்ந்திருந்தது. வேண்டுமென்று யாரும் அடைக்கவில்லை. அங்கே ஒரு வாய் இருப்பதே கட்டியவர்களுக்குத் தெரியாது. முற்றத்து மழை கிணற்றுக்குப் போகிற பாதை அன்றோடு அறுந்திருக்கிறது. தடாகத்தை நிரப்பத் தண்ணீர் வருவதோ அந்தக் கிணற்றிலிருந்து.

கல்வியங்காட்டிலிருந்து ஒரு மேசனாரை அழைத்துத் தளத்தின் மூலையில் இரண்டடிச் சதுரம் உடைத்தோம். கீழே பொழிந்த கல்லில் இரண்டு படிகள், அவற்றுக்குக் கீழே பழைய முற்றத்தின் தரை. விறாந்தையிலிருந்து ஒன்றரை அடி. 45 சென்ரிமீற்றர். இப்போது அந்த 24ஐ எடுத்துப் பொருத்திப் பாருங்கள். தூம்பு முழுதாக அடைபட்டிருந்தாலும், பழைய முற்றம் அந்த இரவின் மழை முழுவதையும் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு பாதி நிறைந்த நிலையில் விடியும்வரை இருந்திருக்கும். மறுபக்கமாகவும் கணக்குப் போட்டேன். முற்றத்தை நிரப்பியபடியே விட்டு, தூம்பு மட்டும் திறந்திருந்தால்? நான்கு மணி நேரத்துக்கு 7,200 லீற்றர், நிமிடத்துக்குச் சராசரி 30. மழை ஒரே சீராகப் பெய்யாது, உச்சத்தில் கொஞ்சம் திணறியிருக்கும். ஆனாலும் இரண்டங்குலக் குழாய் அதைக் கொண்டுபோயிருக்கும். ஆழம் போனாலும் வீடு தாங்கும், தூம்பு போனாலும் வீடு தாங்கும். இரண்டையும் ஒன்றாகப் பறித்தபோதுதான் கைவிட்டது.

நான்காம் அறைக்குள் மட்டும் ஏன்? மற்ற அறைகளின் வாசலில் பழைய தேக்கு நிலைப்படி நாலங்குல உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும். நான்காம் அறை சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்று ஒதுக்கிய அறை, ஆகவே நிலைப்படியை அறுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மாமியார் கடைசி ஆறு வருடம் சக்கர நாற்காலியில் இருந்தார். கலியாண வீடுகளில் நிலைப்படி நிலைப்படியாக அவரைத் தூக்கி வைத்த கைகள் இவை. முற்றத்தை நிரப்பியதற்கும் அதே மாதிரியான காரணம்தான் என்று, தொலைபேசியில் வந்த கொழும்பு வடிவமைப்பாளர் சொன்னார். சில்லு வைத்த பயணப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருட்டில் படி தெரியாமல் விழுந்துவிடக் கூடாது. நியாயமான பயம். அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஐயா, நாங்கள் அளந்து வரைந்த படத்தில் தூம்பு இல்லை."

இந்த வார்த்தைக்குப் பிறகு நான் கோபப்படுவதை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னது உண்மை. பழைய வீட்டுக்கு மூலப்படம் கிடையாது. கட்டிய மேசனாரின் தலைக்குள் இருந்த படம் அவரோடு போய்விட்டது. பிறகு வந்து அளப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதை அளக்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட வீடுகளை எத்தனையோ அளந்திருக்கிறேன். சுவர், நிலை, யன்னல், வளை எல்லாவற்றையும் அங்குலம் தவறாமல் போட்டுவிட்டு, நடுவில் ஒரு வெற்றுச் சதுரம் வரைந்து அதற்குள் 'முற்றம்' என்று எழுதுவேன். எழுத்துப் பிழை இல்லாமல்தான் எழுதினேன். தூம்பை வரைந்தது நினைவில்லை. தூம்பு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும் என்ற காலம் அது. அப்பாச்சிக்குத் தெரியும், வேலைக்கு வரும் ஆச்சிக்குத் தெரியும், கப்பல் விடும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

முதல் நாள் எனக்கு இடித்தது என்னவென்று அப்போதுதான் பிடிபட்டது. முற்றத்தைத் தினமும் கவனிக்க அங்கே ஆள் இல்லாமலில்லை. ஒரு தம்பி விடியற்காலையில் எழுந்து, குளிரில் நின்று, முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறார். அவர் கையில் வாரி இருக்கிறது. கோடு இழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பூவை விடுவது, எந்தப் பூவை எடுப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பூவெல்லாம் வாருகிற திசையில்தான் தூம்பு இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் தெரியவும் இல்லை.

மற்றவை

சுவர்களைப் பற்றி ஒரு முறைப்பாடு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் சுவர்கள். அவற்றின் மேல் கடைகளில் வாளியில் விற்கும் பளபளப்பான வர்ணத்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு வர்ணம் அப்பளம் போலப் பொங்கி, அதற்குள் உப்பு பூத்திருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தால் செலவும் குறைவு, படத்திலும் வித்தியாசம் தெரியாது.

அறைக்குள் ஏழு பொத்தான்கள் இருந்தன. எது எந்த விளக்குக்கு என்று மூன்று இரவிலும் கற்று முடியவில்லை. குளியலறையில் இறக்குமதிக் குழாய், இறக்குமதிக் கண்ணாடி, ஈரத் துவாயைத் தொங்கவிட ஒரு ஆணி இல்லை. கொடி கட்டக்கூடாதாம். நுளம்பு வலை மட்டும் மெல்லிய பருத்தியில் நன்றாகத் தைத்திருந்தார்கள். கோவில் மணி விடியற்காலையில் எழுப்பிவிடும் என்று நெதர்லாந்துத் தம்பதி முறையிட்டபோது முகாமையாளர் மிகப் பணிவாக, "அது எங்களுக்கு முன்பே இருக்கிறது" என்றார். இந்த ஒரு பதிலுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை: அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, சொதி. ஒடியல் கூழை மட்டும் சின்னக் கண்ணாடிக் குவளையில் அருந்தும் பானம் போலக் கொடுத்தார்கள். கூழைப் பிலாவிலையில் குடிக்காவிட்டால் போகட்டும், ஒரு கோப்பையாவது வேண்டாமா?

பட்டியலில் வாடகைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், வற் வரி 18 சதவீதம். நான்காம் அறைக்கு ஓர் இரவுக் காசைக் கழித்திருந்தார்கள். நடந்து வருகிற வழியில் கோவிலுக்குப் போனோம். அங்கே அர்ச்சனைச் சீட்டு இன்னும் ஒரு ரூபாய்தான். மருமகள் சீட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

பிறகு

டிசம்பர் நடுப்பகுதியில் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்து, வந்து பார்க்கச் சொன்னார். முற்றத்து வடகிழக்கு மூலையில், ஒரு பாயளவு இடத்தில், தளத்தை முழுதாக வெட்டி எடுத்திருந்தார்கள். பழைய இரண்டு படிகளும் வெளியே தெரிந்தன. அதற்குள் இறங்கிய தண்ணீர் புதிய வாய்க்கால் வழியாகத் தடாகத்தைச் சுற்றிப் பின்மதிலோரம் போய் முடிகிறது. அங்கே நான்கு வாழைக்குட்டிகள் நட்டிருந்தார்கள். விறாந்தையில் ஒருவரும் விழாமல் இருக்கப் பள்ளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் பனஞ்சலாகைக் கைபிடி. நான்காம் அறை வாசலில், எடுத்து வைக்கக்கூடிய தேக்குச் சாய்பலகை. சக்கர நாற்காலி வந்தால் அதைப் போடுவார்கள், மழை வந்தால் அதே இடத்தில் நிலைப்படிக் கட்டையைச் செருகுவார்கள். இந்த யோசனை கொழும்பிலிருந்து வந்ததாம். நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை.

வாரிக்காரத் தம்பி என்னைக் கண்டதும் ஓடிவந்து பள்ளத்துக்குள் இறங்கி, தூம்பின் வாயில் கையை விட்டுக் காட்டினார். முழங்கைவரை போனது. கோடு இழுப்பதையும் விடவில்லை. மிச்சமிருந்த கல்லில் அலை அப்படியே இருந்தது.

கதவில் இன்னும் 'முற்ரம்' என்றே இருக்கிறது. புதிய தகட்டுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.